வேரைப் பிடுங்கி அளக்கும் மாஸ்டர்

2603ஆம் ஆண்டு, மூன்றாம் மாதம், பதினைந்தாம் நாள், திங்கட்கிழமை, காலை பத்து மணி. ஆண்டைக் கண்டு மிரள வேண்டாம். ஜப்பானியர் மலாயாவுக்குள் நுழைந்தபோது துப்பாக்கிகளோடு ஒரு நாட்காட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அதில் 1943க்கு அதுதான் பெயர். மணியைக் கண்டும் மயங்க வேண்டாம். அது தோக்கியோ நேரம். மலாக்காவின் சூரியனுக்கும் மலாக்காக்காரர்களின் வயிற்றுக்கும் அப்போது எட்டரைதான். அந்த நாளில், அந்த வேளையில், காஜா பெராங்கில் அத்தாப்பு ஓலைக் கூரை வேய்ந்த ஒரு சிறு தமிழ்ப்பள்ளியில், கால் ஆடாத ஒரே மேசையைச் சுற்றி மூன்று ஆசிரியர்கள் அமர்ந்து 'இயற்கைப் பாடச் செய்முறைத் திட்டக் குழு'வின் முதல் கூட்டத்தைத் தொடங்கினார்கள். நாம் ஆராயப் புகுந்திருக்கும் உயிரினம் தன் முழு உருவத்தையும் முதன்முதலாகக் காட்டியது அந்த மேசையருகில்தான்.

அதற்குச் செய்முறை மாஸ்டர் என்று பெயர்.

வாசகரே, இந்த உயிரினத்தை நீங்கள் அறிவீர்கள். உங்கள் கையில் ஒரு பூசணி விதையைக் கொடுத்தால் என்ன செய்வீர்கள்? மண்ணைக் கிளறிப் போட்டுவிட்டு, தண்ணீரைத் தெளித்துவிட்டு, வேறு வேலையைப் பார்க்கப் போவீர்கள். செய்முறை மாஸ்டர் அவ்வாறு செய்யார். விதையைக் கண்டவுடன் அவர் கண்கள் பாதி மூடும்; 'இதைக் கொண்டு குழந்தைகளுக்கு எதை உணர்த்தலாம்' என்று உதடுகள் முணுமுணுக்கும்; கை தானாகத் தாளைத் தேடும்; தாளின் தலையில் 'நோக்கம்' என்று எழுதி அதன்கீழ் இரண்டு கோடு இழுக்கும்; நோக்கத்துக்கு உட்பிரிவு பிறக்கும், உட்பிரிவுக்குத் துணைக்குழு பிறக்கும், துணைக்குழு கூடும் நாளைக் குறிக்க இன்னொரு கூட்டம் பிறக்கும்; எல்லாம் பிறந்து முடிந்த பிறகு விதையைத் தேடினால் அதை எலி தின்றிருக்கும். அதனால் என்ன? எலியைக் கொண்டும் ஒரு திட்டம் தீட்டலாம்.

காஜா பெராங்கில் வாழ்ந்த உயிரினத்தின் பெயர் கலியாணசுந்தரம். துணைத் தலைமையாசிரியர். போருக்கு முன் பயிற்சிக் கல்லூரியில் படித்துப் பட்டம் சுருட்டி வந்தவர். 'காதால் கேட்டதைக் குழந்தை மறக்கும். கையால் செய்ததை மறவாது' என்பது அவர் ஓயாமல் சொல்லும் வாசகம். மழை பெய்தாலும் சொல்வார், விமானம் பறந்தாலும் சொல்வார். அவருடைய கைகள் மட்டும் பளிங்குபோல் இருக்கும். மண் பட்டால் பென்சில் வழுக்குமாம்.

அவரோடு மேசையில் இருந்தவர்கள் இருவர். ஒருவர் தலைமையாசிரியர் பொன்னுதுரை; யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மலாக்காவில் முடி நரைத்தவர். மற்றவர் ருக்மணி டீச்சர். முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் அவருடையவை. அன்று காலை அவருக்கு ஒரு கவலை இருந்தது. காரணம், மேசைமேல் கிடந்த அரசாங்க உத்தரவு: ஒவ்வொரு பள்ளியும் உணவுப் பயிர் விளைவிக்க வேண்டும், ஆண்டு முடிவில் மேற்பார்வையாளர் வந்து பார்ப்பார், விளைச்சல் இல்லாத பள்ளி மூடப்படும், கட்டடம் கரி மூட்டை அடுக்கும் கிடங்காகும், பிள்ளைகள் மைல்கணக்கில் தள்ளியுள்ள குருபோங் பள்ளிக்கு நடந்துபோக வேண்டும். பெரிய பிள்ளைகள் நடப்பார்கள். ருக்மணியின் பிள்ளைகள் ஆறு வயதுக்காரர்கள். நண்பகலில் பள்ளியில் கிடைக்கும் கிழங்குக் கஞ்சிக்காக வருகிறவர்கள். அத்தனை தூரம் வெறுங்காலோடு நடக்கமாட்டார்கள், வீட்டிலேயே நின்றுவிடுவார்கள். கஞ்சியும் நின்றுவிடும். ஆகவே அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கிழங்கு.

"முதல்ல நோக்கம்," என்றார் கலியாணசுந்தரம்.

"நோக்கமெல்லாம் சரி," என்றார் பொன்னுதுரை. "கிழங்கு எப்ப வரும் எண்டு சொல்லும்."

"கெழங்கு விளைவு சார். விளைவ முதல்லயே பேசக்கூடாது."

"மாஸ்டர்," என்றார் ருக்மணி, "மரவள்ளிக் குச்சிய ஒடிச்சு நட்டுட்டா அது பாட்டுக்கு வளருமே?"

கலியாணசுந்தரம் அவரைப் பரிவோடு பார்த்தார். "அது பாட்டுக்கு வளந்தா, நாம எதுக்கும்மா?"

இதற்கு மறுமொழி உண்டா? உங்களிடம் இருந்தாலும் அந்தக் கூட்டத்தில் சொல்லியிருக்க முடியாது. அதற்குள் மாஸ்டர் திட்டங்களின் பட்டியலுக்குப் போய்விட்டார்.

முதல் திட்டம் மக்குக் குழி. ஒவ்வொரு குழந்தையும் வீட்டுக் குப்பையைக் கொண்டுவந்து குழியில் இட்டு, அது மக்கி உரமாகும் அருமையைக் கண்ணாரக் காண வேண்டும். திட்டத்தில் குறை ஏதும் இல்லை. மலாக்காவில்தான் குப்பை இல்லை. கிழங்கை மக்கள் தோலோடு தின்றார்கள், கீரையைத் தண்டோடு தின்றார்கள், மீனின் முள்ளை வறுத்து இடித்துச் சோற்றுக்குத் தூவினார்கள், சோறு இல்லாத நாளில் முள்ளை மட்டும் தின்றார்கள். குழந்தைகள் வெறுங்கையோடு வந்து குழியைச் சுற்றி நின்று, மரியாதையாக அதனுள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுப்புச் சாம்பலும் ரம்புத்தான் சருகும் மட்டுமே சேர்ந்தன. வாரக் கடைசியில் ஒரு பிள்ளையின் தாய், அஞ்சலை என்பவர், முறத்தோடு வந்து நின்றார்.

"டீச்சர், குழியில தோலு ஏதும் மிச்சம் கெடக்கா? இங்க எல்லாரும் கொண்டாந்து கொட்டுறாங்கன்னு புள்ள சொன்னிச்சு."

"அது மக்க வேண்டிய பொருள்மா," என்றார் கலியாணசுந்தரம்.

"நாங்களுந்தான் மக்கிக்கிட்டு இருக்கோம் மாஸ்டர். வாரத்துக்கு ஒருக்கா வந்து அளந்துக்குங்க."

மாஸ்டர் அதைக் கேலி என்று கொள்ளவில்லை. குறித்துக்கொண்டார்.

இரண்டாம் திட்டம் நத்தைகளின் நடமாட்டத்தை ஆராய்வது. வேலியோரத்து நத்தைகளின் முதுகில் சுண்ணாம்பால் எண் எழுதி, எது எவ்வளவு தூரம் போகிறது என்று குழந்தைகள் பின்தொடர்ந்து பதிய வேண்டும். முதல் நாள் எல்லா நத்தைகளும் தலைமையாசிரியரின் கீரைப் பாத்திக்குப் போயின. இரண்டாம் நாள் பாதி நத்தைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. பிள்ளைகளின் வீட்டு அடுப்பங்கரைகளில் எண் எழுதிய ஓடுகள் கிடந்ததாகப் பின்னர் தெரியவந்தது. 'நத்தையின் வேகம் எதிர்பார்த்ததைவிட அதிகம்' என்று முடிவு எழுதப்பட்டது.

மூன்றாவது, மகுடமான திட்டம், மரவள்ளி. இங்கேதான் நம் உயிரினத்தின் மேதைமையை நீங்கள் எழுந்து நின்று வணங்க வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு செடி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், கிழக்கு நோக்கி ஜப்பானியச் சக்கரவர்த்திக்குத் தலைவணங்கி முடிந்தபின், குழந்தைகள் வரிசையாகப் போய்த் தத்தம் செடியைப் பிடுங்க வேண்டும். வேரை நீரில் அலச வேண்டும். கிழங்கு கட்டிய இடத்தை நூலால் சுற்றி அளக்க வேண்டும். அளவை மாஸ்டரிடம் சொல்லிவிட்டு, செடியைப் பழைய குழியிலேயே பத்திரமாக நட வேண்டும். உற்றுநோக்கல், அளத்தல், பதிதல். இதைவிடச் செம்மையான முறை எந்த நாட்டில் உண்டு?

"கையால செய்யிறாங்க பாருங்க," என்று கலியாணசுந்தரம் கண் கலங்கினார்.

பொன்னுதுரைக்கும் அது பிடித்துப்போனது. ஏன், ருக்மணிக்கே முதல் சில வாரம் பிடித்திருந்தது; பொய் சொல்வானேன். ஆறு வயதுப் பிள்ளை ஒன்று வேரை உயர்த்திப் பிடித்து, "டீச்சர், எனக்கு மீசை மொளச்ச மாதிரி வந்திருக்கு," என்று காட்டும்போது யாருக்குத்தான் பிடிக்காது? வேர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மீசையாகவே இருந்தது. தாடியாகவில்லை. செடிகள் தலை தொங்கி நின்றன. மறுபடி நட்டார்கள். மறுபடி பிடுங்கினார்கள். மருத்துவர் வாரந்தோறும் வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் நோயாளி தேறுவானா என்று நீங்கள் கேட்கலாம். மூன்று ஆசிரியர்கள் கேட்கவில்லை. படித்தவர்கள் கூடிச் செய்கிற பிழை அப்படித்தான் இருக்கும். ஒருவர் தனியாக அவ்வளவு பெரிய பிழை செய்ய முடியாது.

இனிப் பெயர்ப்பலகை. செய்முறை மாஸ்டருக்குச் செடி இரண்டாவது. செடியின் பெயர்ப்பலகைதான் முதலாவது. பழைய பிஸ்கட் டின்களை வெட்டித் தட்டையாக்கி, தாரில் குச்சியைத் தோய்த்து, பள்ளியின் பெயர், திட்டத்தின் பெயர், நோக்கம், மாணவர் பெயர், ஜப்பானிய ஆண்டு ஆகியவற்றைக் கலியாணசுந்தரம் தம் திருக்கையாலேயே எழுதினார். பலகை தயார். கம்பு? ஊரில் இருந்த மரக்குச்சியெல்லாம் அடுப்புக்குப் போயிருந்தது. நட்டது போக மீந்த மரவள்ளிக் குச்சிகள் மூலையில் கிடந்தன. அவற்றில் பருமனானவற்றைப் பொறுக்கி, பலகை சாயாமல் நிற்கும்படி ஆழமாகக் குழி எடுத்து ஊன்றச் செய்தார். மண் இறுக வேண்டும் என்று மக்குக் குழியில் கிடந்த சாம்பலையும் சருகையும் அள்ளிவந்து அடியில் கொட்டச் சொன்னார். பிறகு காலைக் கூட்டத்தில் ஒரு கட்டளை பிறப்பித்தார். அவர் பணிக்காலத்தில் மாறாமல் நிறைவேற்றிய கட்டளை அது ஒன்றுதான்.

"செடியத் தொடலாம். வேரத் தொடலாம். பெயர்ப்பலகைக் கம்ப எவனாச்சும் தொட்டா, பெஞ்சிமேல நிக்கணும்."

எவரும் தொடவில்லை. கம்புகள் துளிர்த்தன. இலைகள் எழுத்தை மறைத்தன. கலியாணசுந்தரம் எரிச்சலோடு பலகைகளைக் கயிறு கட்டி மேலே ஏற்றினார். இலைகள் மேலும் ஏறின. பலகைகளும் மேலும் ஏறின. கம்பு வளர்வது திட்டத்தில் இல்லாத நிகழ்ச்சியாதலால் அதை யாரும் பதியவில்லை.

ஆண்டு முடிந்தது. மேற்பார்வையாளர் வந்தார்.

அவர் பெயர் ஹனீபா. போருக்கு முன் பெண்டஹாரா சாலையில் துணிக்கடை வைத்திருந்தவர். துணி என்ற பொருளே நாட்டிலிருந்து மறைந்துபோனதும், கடையில் தூசியை விற்க முடியாமல் உணவுப் பயிர் மேற்பார்வையாளர் என்ற பதவியை ஏற்றவர். பட்டுத்துணியைத் தொட்டே நெய்த ஊரைச் சொல்வார். மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் வேறுபாடு கேட்டால் வானத்தைப் பார்ப்பார். மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கம் உடைந்து, மாற்ற வழியின்றி, ஒற்றைக் கண்ணால் உலகை மேற்பார்வை செய்துவந்தார். அவருக்கும் ஒரு கவலை இருந்தது. அதுவரை பார்த்த பள்ளிகளில் ஒன்றும் விளையவில்லை. மறுநாள் அவர் தம் ஜப்பானிய மேலதிகாரிமுன் நிற்க வேண்டும், நல்ல செய்தி ஒன்றேனும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கன்னத்தில் விழும். கன்னம் என்பது அந்நாளில் அரசாங்கச் சொத்து.

பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ருக்மணி அவர்களுக்குப் பின்னால் நின்றார். முன்வரிசையில் இருந்தவர்களின் கால்களை ஒருமுறை பார்த்தார், குருபோங் சாலையின் சரளைக் கற்களை நினைத்தார், பார்வையை எடுத்துக்கொண்டார்.

கலியாணசுந்தரம் முதலில் வரைபடத்தை விரித்தார்.

"இது என்னா மாஸ்டர், கோடு படுத்துக் கெடக்கு?" என்றார் ஹனீபா.

"வளர்ச்சிக் கோடு, முதலாளி." பதவி மாறினாலும் ஊர் அவரை அப்படித்தான் அழைத்தது.

"வளரலையே."

"வளரலங்கிறதத் துல்லியமாப் பதிஞ்சிருக்கோம். ஒரு வாரங்கூட விடல."

"என் பெரியவரு கோட்டத் திங்கமாட்டாரு மாஸ்டர். கெழங்கக் காட்டுங்க."

காட்டினார்கள். பிள்ளைகள் பழகிய கையால் ஒரே இழுப்பில் செடிகளைப் பிடுங்கி உயர்த்தினார்கள். மீசை, மீசை, மீசை. சுண்டுவிரல் பருமனில் ஒன்று. அதைப் பிடித்திருந்த பிள்ளை பெருமையில் நெளிந்தது. ஹனீபா நெற்றியைத் துடைத்துக்கொண்டு சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார்.

"ஹெட்மாஸ்டர், எனக்கு உங்கமேல பகை ஒண்ணும் இல்ல. மூடுன்னுதான் எழுதணும். நீங்க தப்பிச்சீங்க, பள்ளியோட போச்சு. எனக்கு நாளைக்குக் கன்னம் பழுக்கும்."

"ஒரு மாசம் தவணை தாரும்," என்றார் பொன்னுதுரை.

"தவணை குடுக்க இது நம்ம கடையா? பள்ளி பேரச் சொல்லுங்க, எழுதிக்கிறேன். எங்க எழுதியிருக்கு? இந்தப் பலகையிலயா?"

பலகை இலைக்குள் மறைந்து கிடந்தது. ஹனீபா இலையை விலக்கினார். எழுத்து மங்கலாகத் தெரிந்தது. ஒற்றைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுவர எண்ணிக் கம்பைப் பிடித்து இழுத்தார்.

"முதலாளி, அதத் தொடாதீங்க," என்று கலியாணசுந்தரம் பாய்ந்தார்.

கம்பு வரவில்லை. ஹனீபா இரு கைகளாலும் பற்றி, காலை ஊன்றி, போருக்கு முன் துணி மூட்டை இழுத்த வேகத்தில் இழுத்தார். நிலம் பொருமியது. கம்பு வந்தது. கம்போடு அடிமண் வந்தது, மண்ணோடு முன்கை பருமனில் கிழங்குகள் கொத்தாக வந்தன, கொத்து வந்த வேகத்தில் முதலாளி பின்னோக்கிப் போய், எஞ்சியிருந்த நத்தை ஆராய்ச்சியின்மேல் உட்கார்ந்தார். பலகை அவர் மடியில் விழுந்தது. 'நோக்கம்: வளர்ச்சியை அறிதல்' என்று அதில் எழுதியிருந்தது.

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் அத்தாப்புக் கூரையிலிருந்து பல்லி விழுந்தது.

இந்த இடத்தில் நீங்களும் நானுமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? கிழங்கைக் கட்டிப் பிடித்திருப்போம். செய்முறை மாஸ்டரின் முகமோ வாடிப்போனது. முறை தவறுவதை அவரால் தாங்க முடியாது.

"மன்னிக்கணும் முதலாளி. இது கணக்குல வராது. இது கம்பு. திட்டத்துல இல்ல."

ஹனீபா மண்ணில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்தார். "கணக்குல வராதா?"

"நேர்மையாச் சொல்லணும்னா..."

ருக்மணி நேர்மை முடியும்வரை காத்திருக்கவில்லை. வரிசையைப் பிளந்துகொண்டு முன்னே வந்தார். தாம் என்ன சொல்லப் போகிறோம் என்று வாயைத் திறக்கும்வரை அவருக்கே தெரியாது.

"மாஸ்டருக்குத் தன்னடக்கம், முதலாளி. அது ஒப்பிட்டுப் பாக்குறதுக்கு வச்ச பாத்தி. ஒரு பக்கம் தொட்டுப் பாக்குறது, ஒரு பக்கம் தொடாம விடுறது. ரெண்டையும் வச்சு எது நல்லதுன்னு புள்ளைங்க கண்டுபிடிக்கணும். அதனாலதான் தொட்டா பெஞ்சின்னு சட்டமே போட்டாரு. புள்ளைங்களக் கேளுங்க."

"தொட்டா பெஞ்சி," என்றது முதல் வகுப்பு முழுவதும், ஒரே குரலில்.

எல்லாரும் கலியாணசுந்தரத்தைப் பார்த்தார்கள். அவர் 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் பள்ளி கரிக்கிடங்கு. அவர் உதடுகள் பிரிந்தன. கண்கள் பாதி மூடின. 'ஒப்பிட்டுப் பார்க்கும் பாத்தி' என்று மெல்ல முணுமுணுத்தார். கற்கண்டுத் துண்டை நாக்கில் உருட்டுவதுபோல் அந்தத் தொடரை உருட்டினார். கை தானாகத் தாளைத் தேடியது. ருக்மணி ஒரு தாளை நீட்டினார்.

"அந்த நோக்கம்," என்றார் மாஸ்டர், இரண்டு கோடு இழுத்தபடி, "தொடக்கத்துலயே என் மனசுல இருந்துச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. இந்த உயிரினத்தின் தனிச்சிறப்பே அதுதான். நடந்து முடிந்ததை அரை நொடியில் திட்டமாக மாற்றி, அந்தத் திட்டத்தை அக்கணமே நம்பிவிடும்.

பிறகென்ன, கட்டளை நீங்கியது. பெஞ்சுக்கு அஞ்சி ஆண்டு முழுவதும் ஒதுங்கி நடந்த பிள்ளைகள் கம்புகள்மேல் பாய்ந்தார்கள். பலகைகள் நாற்புறமும் பறந்தன. பொன்னுதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஏய், மெல்ல இழு, அங்காலை விடு, எனக்கு விடு," என்று சிறுவர்களோடு மல்லுக்கு நின்றார். கிழங்கு மேசை உயரத்துக்குக் குவிந்தது. அஞ்சலை முறத்தோடு வந்தவர் அதைக் கீழே போட்டுவிட்டு, "இந்தத் தோலு குழிக்கா மாஸ்டர், கொழம்புக்கா?" என்று கேட்டார். குழம்புக்கு என்று முடிவானது. திட்டக் குழு கூடாமல் அந்தப் பள்ளியில் எடுக்கப்பட்ட முதல் முடிவு அது. பள்ளி மூடப்படவில்லை. அன்று நண்பகலில் கஞ்சி ஊற்றவில்லை. கிழங்கையே வேகவைத்துக் கொடுத்தார்கள். முதல் வகுப்பில் மூன்று பிள்ளைகள் தின்றுகொண்டே தூங்கிப்போனார்கள்.

மறுநாள் ஹனீபாவின் கன்னம் தப்பியது. தப்பியதோடு நில்லாமல், மேலதிகாரி அவர் தோளில் தட்டினாராம். 'பெயர்ப்பலகை முறை' என்ற பெயரில் உத்தரவு பறந்தது. மலாக்காப் பள்ளிகள்தோறும் பலகைகள் நடப்பட்டன. சில பள்ளிகள் இரும்புக் கம்பியில் பலகை மாட்டிவிட்டு, கிழங்குக்காகக் காத்திருந்தன.

உத்தரவு வந்த வாரமே ஹனீபா சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார்.

"மாஸ்டர், என் மானத்தக் காப்பாத்துனீங்க. நான் உங்களுக்குக் கடன்பட்டவன். என்னா வேணும்னாலும் கேளுங்க. உப்பா, சவுக்காரமா, உள்ள ஒளிச்சு வச்ச மல்லுத்துணி ரெண்டு கெசமா, வாயத் தொறந்து சொல்லுங்க."

கலியாணசுந்தரத்தின் சட்டையில் அப்போது துணியைவிட ஒட்டுத்தான் அதிகம். "உப்பக் கேளுங்க மாஸ்டர்," என்று ருக்மணி பின்னாலிருந்து கிசுகிசுத்தார். "துணியக் கேளும்," என்றார் பொன்னுதுரை.

"அவசரப்படக் கூடாது," என்றார் கலியாணசுந்தரம். "கேக்குறது எளிது. எதக் கேட்டா யாருக்கு என்ன பயன்னு முதல்ல வகுத்துக்கணும்."

வகுத்தார். உப்பின் பயன்கள் ஒரு பக்கமாயின, துணியின் பயன்கள் மறுபக்கமாயின. அவர் வகுத்து முடிப்பதற்குள் ஜப்பானியர் போனார்கள், கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னுக்குப் போனது, ஆண்டு பழைய எண்ணுக்குத் திரும்பியது, ஹனீபா கடையை மறுபடி திறந்து, கண்ணாடியின் மறுபக்கத்தையும் மாட்டிக்கொண்டார். அவர் மார்க்கத்தில் கடனோடு கண் மூடுவது பெரும்பாரம். ஆகவே ஒவ்வொரு நோன்பு மாதத்துக்கு முன்பும் காஜா பெராங்குக்கு வந்து நிற்பார்.

"மாஸ்டர், ஏதாச்சும் ஒண்ணு கேட்டுடுங்க. ஒரு கைக்குட்டையாச்சும் கேளுங்க. எனக்கும் வயசாவுது."

"முதல் வரைவு முடிஞ்சிருச்சு, முதலாளி. ருக்மணி டீச்சர்ட்ட பாக்கக் குடுத்திருக்கேன்."

கொடுத்திருந்தார் என்பது உண்மை. ருக்மணியும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அதைவிட உண்மை. 'கைக்குட்டை' என்பதன்கீழ் அவர் தம் கையெழுத்தில், 'நோக்கம் தெளிவாக இல்லை' என்று எழுதி, இரண்டு கோடு இழுத்திருந்தார்.

வாசகரே, இந்த உயிரினம் தொற்றும் தன்மை உடையது. இதைப் படிக்கும்போதே உங்கள் கண்கள் பாதி மூடினவா? 'இதை நம் பள்ளியில், நம் சங்கத்தில், நம் வீட்டுக் கொல்லையில் எப்படிச் செய்து பார்க்கலாம்' என்று ஓர் எண்ணம் எழுந்ததா? கை ஏதேனும் தாளைத் துழாவுகிறதா? அப்படியானால் மெல்ல எழுந்து, பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, உங்களுக்குக் கடன்பட்டவர் எவரேனும் இருந்தால் இன்றைக்கே போய்க் கேட்டுவிடுங்கள். கூட்டம் கூட்டாதீர்கள். கலியாணசுந்தரம் கூட்டினார், ஹனீபா கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு கடைசிவரை காத்திருந்தார், மாஸ்டர் கேட்கவே இல்லை.